கை என்று எழுதிய குழாய்

தண்ணீர் இன்னும் கலங்கலாகத்தான் வடிகிறது. வடியட்டும். வேரை அவசரப்படுத்தினால் அறுந்துபோகும், அறுந்தால் அறுந்ததுதான், பைய, பைய, பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி ஒரு கை கீழே தாங்க ஒரு கை மேலே ஊற்ற, மண் தானாகக் கழன்று சல்லடைக்கு அடியில் போக வேண்டும். கண்ணாடி வீட்டுக்குப் பின்னால் இந்தச் சிமெண்டுத் தொட்டி ஓரம் குத்தவைத்து நெல் வேர் கழுவுகிறவளைப் பார்த்து யாரும் விஞ்ஞானி என்று சொல்ல மாட்டார்கள், கீரை அலசுகிறாள் என்பார்கள். தபால்காரர் அப்படித்தான், "ஏம்மா, முத்துப்பேச்சி மேடம் எங்க இருக்காவ?" என்று என்னிடமே கேட்டார். "அவ கீரை அலசிக்கிட்டு இருக்கா, இங்க குடுங்க" என்று நானே வாங்கிக்கொண்டேன். சிரிப்பு வருகிறது. சிரிக்கிற நேரமா இது. எங்கள் திட்டத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்திருக்கிற குழு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, பாயசம் கூட உண்டு என்று சமையல்காரர் சொன்னார், பாயசம் குடித்து முடித்ததும் என்னைக் கூப்பிடுவார்கள். எஸ்தர் மேடம்தான் திட்டத்துக்குத் தலைவர், அவர் நேற்றே சொல்லிவிட்டார், "பேச்சி, உங்க முடிவு நல்லா இருந்தா திட்டம் தொடரும், இல்லேன்னா இத்தோட சரி." திட்டம் இத்தோடு சரி என்றால் நானும் இத்தோடு சரி, திட்டம் இருக்கிற வரைக்கும்தான் ஒப்பந்தம். நல்லா இருந்தா. நல்லாத்தான் இருக்கிறது, அதுதான் பயம். ஓடைச்சிவப்பு பச்சையாக இருக்கிறது. எந்தப் பயிரும் பச்சையாக இருக்க முடியாத மண்ணில் அந்த ஒரு ரகம் மட்டும் சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி நிமிர்ந்து நிற்கிறது, அதைச் சொல்லத்தான் குழுவையே வரவழைத்திருக்கிறோம், இன்று காலை வரைக்கும் நானும் தரையில் கால் படாமல்தான் திரிந்தேன். கோமு அக்கா அந்த டப்பாவை நீட்டாமல் இருந்திருக்கக் கூடாதா.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்துப் பிள்ளைகள் காப்பகம் முன்னால் விதைக் கிட்டங்கியாக இருந்தது, மஞ்சள் அடித்து ஆனையும் வாத்தும் வரைந்துவிட்டார்கள், ஆனாலும் மழை பெய்தால் உள்ளே நெல் வாசம்தான் அடிக்கும். காலையில் என் மகள் உலகுவை அங்கே கிடத்தித் துணியை மாற்றி, தொடை இடுக்கில் சிவந்து கிடந்த இடத்தில் வெள்ளைக் களிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன், அவள் என் வாட்ச்சைப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கோமு அக்கா டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏ பேச்சி, இது ரொம்ப நாளாக் கெடக்குல்லா, தேதி முடிஞ்சிட்டான்னு பாருடி, எங்கிட்ட கண்ணாடி இல்ல" என்றாள். பார்த்தேன். தேதி முடியவில்லை. தேதிக்கு மேலே எறும்பு எழுத்தில் ஜிங்க் ஆக்ஸைடு என்று இருந்தது. "என்னட்டி முழிக்க? முடிஞ்சிட்டா?" "இல்லக்கா, தேதி முடியல." முடிந்தது நான்தான். ஜிங்க் என்றால் துத்தநாகம். நான் படித்தது, பட்டம் வாங்கினது, பேறுகாலத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தது எல்லாம் அந்தத் துத்தநாகத்துக்குப் பின்னால்தான், அது என் மகள் இடுப்பில் இத்தனை நாளாக வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கிறது, நான் அந்த டப்பாவை ஒரு தடவை கூடப் படித்ததில்லை. இவர் சொல்லுவார், "வீட்ல கொழம்புல உப்பு இருக்கான்னு பாக்க மாட்ட, ஊரான் வீட்டு மண்ணுல ஜிங்க் இருக்கான்னு மட்டும் பாப்ப." சாயங்காலம் இதைச் சொன்னால் ஒரு மாதத்துக்குச் சிரிப்பார். சொல்லுவேனா. யாரிடம்தான் சொல்லுவேன்.

நெல்லுக்குத் துத்தநாகம் எவ்வளவு வேண்டும் என்று நினைக்கிறீர்கள், வண்டி மண்ணுக்கு ஒரு சிட்டிகை, அவ்வளவுதான், ஆனால் அது இல்லாவிட்டால் இலையில் துருப்பிடித்தாற்போல் புள்ளி விழுந்து பயிர் குறுகி உட்கார்ந்துவிடும். அந்தச் சிட்டிகை கூட எடுக்க முடியாத சுண்ணாம்பு மண்ணாகத் தேடி எடுத்து, வேர் தெரிகிற மாதிரி ஒரு பக்கம் கண்ணாடி வைத்த பெட்டிகளில் நிரப்பி, ரகம் ரகமாக நட்டு, எது பட்டினி தாங்கும் என்று பார்ப்பதுதான் எங்கள் சோதனை. பட்டினி போடுகிற வேலையில் வெளிச்சோறு ஒரு பருக்கை கூட உள்ளே போகக் கூடாது. அதற்காக நாங்கள் படுகிற பாடு, குழாய்த் தண்ணீர் ஆகாது, இரும்பு வாளி ஆகாது, கையுறை கூட ஆகாது, ரப்பரில் துத்தநாகம் உண்டு, கையுறை போட்டு நட்டால் கையுறையே பயிருக்குச் சோறு போட்டுவிடும் என்று எங்கள் ஆய்வகத்தில் யாரும் கையுறை போட மாட்டோம், வெறுங்கையைச் சுத்த நீரில் அலசிவிட்டுத்தான் நாற்றைத் தொடுவோம். புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் கண்டிப்பாகச் சொல்லுவேன், கையுறையா, கழற்று, கழற்று, வெறுங்கைதான் சுத்தம் என்று. வெறுங்கைதான் சுத்தம். நடவு வாரத்தில் வெயில் காய்ந்த காய்ச்சலில்தான் உலகுவுக்கு முதல் தடவை சிவந்தது. பால் கொடுக்க ஓடுவேன், கொடுத்துவிட்டுத் துணி மாற்றுவேன், களிம்பு தடவுவேன், துப்பட்டாவில் விரலைத் துடைத்துக்கொண்டே ஓடி வருவேன், இதே தொட்டியில் கையை அலசுவேன், நடுவேன். எண்ணெய்க் களிம்பு வெறும் தண்ணீரில் போகுமா. மீன் கழுவின கை வெறும் தண்ணீரில் போகுமா, ஒரு பொம்பளைக்கு இது தெரியாதா.

எங்கள் அப்பா ஒரு வருசம் டி.ஏ.பி. உரத்தையும் ஜிங்க் சல்பேட்டையும் ஒரே சாக்கில் கொட்டிக் கிண்டி வீசினார், ரெண்டு தடவை நடப்பானேன் என்று. ரெண்டும் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு மண்ணோடு மண்ணாக உட்கார்ந்துகொண்டன, பயிர் முழுக்கத் துரு. "காசு குடுத்துத் துரு வாங்கிட்டு வந்தேன்" என்று ஊரெல்லாம் அவரே சொல்லிச் சிரித்தார். உள்ளே இருக்கிறது, ஆனால் எடுக்க முடியவில்லை என்பது எனக்கு அப்போது பெரிய அதிசயமாக இருந்தது, ஒன்பதாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் துத்தநாகம் என்று பார்த்ததும் நம்ம வயலில் படுத்துக்கிடக்கிறது இதுதானா என்று அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். கல்லூரியில் போய் முதல் நாள் எழுந்து துத்தநாகம் என்று சொல்ல வகுப்பே சிரித்தது, நாகம் கடிச்சிட்டா என்று ஒருத்தன் கேட்டான், கடிச்சிட்டு, நீ தள்ளி நில்லு என்றேன். இன்னமும் மனசுக்குள் எனக்குத் துத்தநாகம்தான், வெளியேதான் ஜிங்க். அப்புறம் வேரைப் படித்தேன். சில ரகத்துக்குப் பட்டினி வந்தால் வேர் நுனியில் ஒரு சாறு கசியும், அந்தச் சாறு போய் மண் இறுக்கிப் பிடித்திருக்கிற துத்தநாகத்தைக் கழற்றிக் கூட்டிக்கொண்டு வரும். பேசாமல் வாங்கிக் குடிக்கிறது வேர் என்று நினைத்திருந்தேன், அது கொடுத்துத்தான் வாங்குகிறது. உலகு பிறந்த பிறகு அது இன்னும் விளங்கிற்று. காப்பகத்துப் பக்கம் எந்தப் பிள்ளை அழுதாலும் எனக்கு இங்கே மார்பு நனைந்துவிடும், என் பிள்ளையா ஊரான் பிள்ளையா என்று அது பார்க்காது. இப்போது கூட. யார் அழுகிறது? உலகுவா? இல்லை, அது மயில். சவம், மயிலுக்கெல்லாம் சுரக்காதே.

இந்த வேரைப் பார், எவ்வளவு தலைமுடி, என்ன வெள்ளை. இது தன்பாட்டில் சாறு விட்டுத் துத்தநாகத்தைத் தேடிப் பிடித்த வேரா, என் விரல் ஊட்டிவிட்டதைத் தின்று கொழுத்த வேரா? கேட்டால் சொல்லவா போகிறது. பெட்டிகளைச் சீட்டுக் குலுக்கிப்போட்டுத்தான் இடம் வைத்தோம், வெயில் ஒரு பக்கம் நிழல் ஒரு பக்கம் என்று யாரும் குறை சொல்ல முடியாது. நாற்று கலந்துவிடக் கூடாது என்று நடும்போது மட்டும் ஒரு ரகத்தை எடுத்தால் அந்த ரகத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. நடவு அன்றைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்ததும் நான் முதலில் எடுத்தது ஓடைச்சிவப்பு. புது ரகம், ஆசை, வேறென்ன. முதலில் தொட்டதற்கு எல்லாம் போயிருக்கும், அப்புறம் தொட்டதற்கு மிச்சம், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. இரண்டாவதாக நட்ட ரகத்தில் துரு கொஞ்சம் குறைச்சலாக இருந்ததே, இருந்ததா, இல்லை இப்போது நான் நினைத்துக்கொள்கிறேனா? பெட்டியைக் குலுக்கினோம், கையைக் குலுக்கவில்லை. சும்மா இருந்துவிட்டால்தான் என்ன. யாருக்குத் தெரியும்? கோமு அக்காவுக்குத் தேதி மட்டும்தான் தெரியும். ஓடைச்சிவப்பு ஒருவேளை உண்மையாகவே கெட்டிக்காரியாக இருந்து, நான் வாயைத் திறந்து அவள் பிழைப்பையும் என் பிழைப்பையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன் என்றால்? ஆனால் உண்மையில்லை என்றால், நாளைக்கு எவனாவது ஒருத்தன் இந்த விதையை வாங்கிச் சுண்ணாம்பு நிலத்தில் போட்டு, துருவைப் பார்த்துக்கொண்டு நிற்பான், அவனுக்கு எங்கள் அப்பா மாதிரிச் சிரிக்க வருமோ என்னவோ. அந்த எண்ணம் வந்ததும்தான் காலையில் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்து அதைச் செய்தேன். அன்றைக்குச் செய்த மாதிரியே, விரலில் களிம்பு, துப்பட்டாவில் துடைப்பு, தொட்டியில் அலசல், அப்புறம் நீர்த்த அமிலத்தில் விரலை முக்கி அந்த அமிலத்தைக் குழாயில் பிடித்து, மேலே கை என்று எழுதினேன். மெஷின் ஓட்டுகிற சாகுலிடம் இலைக் கரைசல் குழாய்களோடு அதையும் கொடுத்தேன். "இது என்ன ரகம்க்கா, கையி?" "நாட்டு ரகம்டே. ஓட்டு." தீயில் ஊதித் துத்தநாகத்தைப் படிக்கிற மெஷின் அது, இந்நேரம் அந்தத் தீக்குள் என் கை போயிருக்கும். ஏன் கொடுத்தேன்? கொடுக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நிம்மதியா, எங்கே.

உலகு தூங்கியிருப்பாளா. பருப்புச் சோற்றைத் துப்பியிருப்பாள், அப்பளத்தை மட்டும் தின்றிருப்பாள். வேலை போனால் நாள் முழுக்க அவளோடு இருக்கலாம், அதுவும் நல்லதுதானே, சிவந்துபோகாது, களிம்பே வேண்டாம், வீட்டு வாசலில் ரெண்டு பெட்டி வைத்துக் கத்தரி போடலாம். போட்டு? கத்தரி வேரையும் கழுவிப் பார்க்கத்தான் போகிறேன். இல்லை, என்னால் முடியாது, எனக்கு இது வேண்டும், இந்தத் தொட்டியும் சல்லடையும் இந்தக் கலங்கல் தண்ணீரும் வேண்டும், பிள்ளையும் வேண்டும், ரெண்டையும் ஒரே கையால் தொட்டதற்குத்தான் இத்தனை கூத்து. அடுத்த பெட்டி. எல்லாம் ஓடைச்சிவப்புப் பெட்டிகள்தான் இனி. இது, அடுத்தது, அப்புறம் அந்த மூலை உடைந்த பெட்டி. அந்தச் சவலை. எல்லாம் பச்சையாக நிற்க அது ஒன்று மட்டும் வெளிறி, நுனியில் துருவோடு, தம்பி பிறந்த வீட்டு மூத்த பிள்ளை மாதிரி நின்றது. கண்ணாடி மூலை உடைந்திருக்கிறது, காற்று போகும், தண்ணீர் சரியாக நிற்காது, அதனால்தான் என்று மேடமும் நானும் பேசிச் சராசரியில் அதைக் கரைத்துவிட்டோம். மூலை உடைந்த பெட்டி. பொறு. பொறுடி பேச்சி. மூலை உடைந்த பெட்டி, போட்டோ. நடவு அன்றைக்கு ஆண்டு மலருக்குப் போட்டோ எடுக்க ஆள் வந்தாரே, மேடம் பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒரு பெட்டி நானே நடுறேன், சும்மா பாவனைக்கு நிக்க மாட்டேன்" என்று உட்கார்ந்தாரே, பெட்டி மூலை உடைஞ்சிருக்கு மேடம் என்றேன், "போட்டோல தெரியாது பேச்சி, நீங்க தள்ளுங்க, நிழல் விழுது." நான் தள்ளி நின்றேன். தொடவில்லை. அந்த ஒரு பெட்டியை நான் தொடவே இல்லை. மேடம் கையில் என்ன இருக்கும்? அவர் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், களிம்பு கிடையாது. பவுடர்? அதிலும் துத்தநாகம் உண்டு, ஆனால் மேடம் சர்ச்சுக்குக் கூடப் பவுடர் போட மாட்டார்.

எழுந்தேன், கால் மரத்துப்போயிருக்கிறது, இந்தப் பெட்டியைத் தூக்க ஆண் பிள்ளை வேண்டும் என்பார்கள், உலகுவைத் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பே பழகிவிட்டது. வெளிச்சத்தில் வை. கண்ணாடியைத் துடை. பார். ஆமாம், சவலைதான், இதன் அக்கா தங்கைகளின் பச்சை இதில் இல்லை, அந்தப் பச்சையெல்லாம் என் மகளுடைய களிம்பு, அப்பாடா, சொல்லிவிட்டேன், மனசுக்குள்ளாவது சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பக்கம் மற்ற ரகங்கள் குறுகி மடங்கிக் கிடக்கிற அலங்கோலமும் இதில் இல்லை. துரு நுனியோடு நிற்கிறது. பச்சையும் இல்லை, சாவும் இல்லை. கண்ணாடி ஓரம் வேர்கள் மண்ணுக்குள் விரல் விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிற மாதிரிப் பரவியிருக்கின்றன, உடைந்த மூலை வரைக்கும் போய்த் திரும்பியிருக்கின்றன. இது யாரும் ஊட்டாத பிள்ளை. தானாகத் தேடித் தின்ற பிள்ளை. ஒன்றே ஒன்று. ஒற்றைப் பெட்டியை வைத்துக்கொண்டு ஊருக்கு என்ன சொல்ல முடியும், காற்றடித்தது, வெயில் பட்டது, எது வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம். ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் இன்னொரு தடவை நட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்க முடியும். கேட்டால் கொடுப்பார்களா? தொழிலில் இப்படிக் கோட்டை விட்டவளிடம் இன்னொரு தடவை பெட்டியைக் கொடுப்பார்களா? நான் அந்த இடத்தில் இருந்தால் கொடுப்பேனா?

போன் அடிக்கிறது. கை ஈரம். சாகுல். "யக்கா, அந்தக் கையி குழாய் இருக்குல்லா, அது மெஷினையே முட்டித் தள்ளிட்டு. தண்ணி கலந்து கலந்து ஓட்டுதேன், எறங்க மாட்டேங்கு. அப்பிடி என்னத்த உள்ள வச்சிய?" "எம் மகளத்தான்." "வெளையாடாதிய." "வெளையாடலடே. அத விடு, ஓடைச்சிவப்புல மூலை உடஞ்ச பெட்டின்னு ஒண்ணு இருக்கும், அது என்ன சொல்லுது?" காகிதம் புரளுகிற சத்தம், அவன் பெருமூச்சு, மெஷினின் ஊதல், எத்தனை நேரமாகத் தேடுவான், கண் தெரியலையா இவனுக்கு. "இந்தா இருக்கு. குறைச்சல்தான்க்கா. ஒங்க ஓடைச்சிவப்புல இதாங் கடைசி." தெரியும். தெரிந்ததுதான். "மத்த ரகத்தோட சேத்துப் பாரு." "சேத்தா… இருங்க. அதுகள எல்லாத்தயும் விடக் கூடத்தாங் காட்டுது. என்னக்கா, அழுதியளா சிரிக்கியளா?" ரெண்டும்தான் போல. அவனுக்குப் பதில் சொல்வதற்குள் கண்ணாடி வீட்டு வாசலில் எஸ்தர் மேடம், சேலை மடிப்பெல்லாம் சரியாக, முகம் முழுக்கப் பதற்றமும் பெருமையும், "பேச்சி, வாங்க, எல்லாரும் உக்காந்தாச்சு, பாயசம் நல்லா இருந்துச்சாம், நல்ல மூட்ல இருக்காங்க, அந்தப் பச்சைப் பெட்டி படத்தையே முதல்ல போட்டுருங்க." பாவம் மேடம். அவர் பெயரும் இதில்தானே இருக்கிறது. கையைத் துடைக்கவில்லை. பையைத் திறந்தேன், படங்கள் இருக்கிற பென்டிரைவ் அடியில் எங்கேயோ கிடந்தது, தேடவில்லை, மேலே இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டேன், மற்றக் கையால் மூலை உடைந்த பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன், உலகுவை வைக்கிற அதே பக்கம், கனம் கூட ஏறத்தாழ அவள் கனம்தான், மண் தண்ணீர் சுடிதாரில் வடிகிறது, வடியட்டும். மேடம் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தச் சவலையையா கொண்டு வர்றீங்க? நல்லதா ஒண்ணு எடுங்க. அது என்ன டப்பா கையில?"

"துத்தநாகம், மேடம்," என்றேன்.